வெல்னஸ் திட்டத்துக்குக் கையெழுத்திடும் முன்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தொழிற்சாலை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக இயக்குநர்களுக்கும் மனிதவளப் பிரிவு மேலாளர்களுக்கும் வணக்கம்.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் சிறு தொழிற்கூடங்கள் சிலவற்றுக்குச் சம்பளப் பட்டியலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். புது நிதியாண்டுக்குச் செலவுத் திட்டம் போடும் காலம் வந்துவிட்டால் மேசைக்குத் தவறாமல் ஒரு கோப்பு வருகிறது. மேலே 'பணியிட நலவாழ்வு' என்று எழுதியிருக்கும். உள்ளே யோகா வகுப்பு, ஆண்டுக்கு ஒரு மருத்துவ முகாம், செல்போன் செயலி, நடைப் போட்டி, மன அழுத்தம் பற்றி ஒரு சொற்பொழிவு. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாக்குறுதி: நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் மூன்று ரூபாயாகத் திரும்பி வரும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

தொழிலாளர் உடல்நலத்துக்குச் செலவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்போது செய்வதைவிடக் கூடுதலாகவே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பொய்க் கணக்கை நம்பித் தொடங்கும் திட்டம் இரண்டே ஆண்டுகளில் படுத்துவிடுகிறது. 'சொன்ன மிச்சம் எங்கே?' என்று மேலிடம் கேட்கிறது. பதில் சொல்ல யாராலும் முடிவதில்லை. உடனே எல்லாவற்றுக்கும் கத்தரி விழுகிறது. முதலில் வெட்டுப்படுவது மருத்துவ அறைச் செவிலியரின் சம்பளமாக இருக்கும். உண்மையில் பயன் தந்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்றுக்கு மூன்று என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு, கேத்தரின் பெய்க்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நலவாழ்வுத் திட்டத்துக்குச் செலவிட்ட ஒரு டாலருக்கு மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டாலரும், விடுப்பால் ஏற்படும் இழப்பில் 2.73 டாலரும் மிச்சமாகின்றன என்றார்கள். உலகம் முழுவதும் திட்டம் விற்கும் நிறுவனங்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. இன்றைக்கும் விடவில்லை.

அதே கேத்தரின் பெய்க்கர், ஜிருய் சாங் என்ற மருத்துவருடன் சேர்ந்து, பிற்பாடு இன்னும் கறாரான ஒரு சோதனையை நடத்தினார். பி.ஜே.ஸ் என்ற மொத்த விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் 20 கிளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் நலவாழ்வுத் திட்டம் கொடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 33,000 ஊழியர்கள், 18 மாதங்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. திட்டம் நடந்த கிளைகளில், தவறாமல் உடற்பயிற்சி செய்கிறோம் என்றும் எடையைக் கவனிக்கிறோம் என்றும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். அது நல்லதுதான். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற அளவுகளிலோ, மருத்துவச் செலவிலோ, விடுப்பு நாட்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. முந்தைய எண்ணை அச்சிடும் கோப்புகளில் ஒன்றுகூட, அதை எழுதியவரே பின்னாளில் கண்ட இந்த முடிவைக் குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு முடிவுகளுக்கும் ஏன் இத்தனை தூரம்? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திட்டத்தில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சேர்ந்தவர்களுக்கு மருத்துவச் செலவு குறைவு. ஆனால் அவர்களுக்குத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே செலவு குறைவாகத்தான் இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்த இரண்டு குழுக்களை ஒப்பிட்டபோது, மிச்சம் என்று சொல்ல எதுவும் தேறவில்லை. நம் ஊர் அனுபவத்துக்கு இது புதிதா? யோகா வகுப்புக்கு முதல் ஆளாகப் பாயை விரிப்பவர், ராமநாயக்கன் ஏரிக்கரையில் தினமும் நடப்பவர். பீடியை விட முடியாதவரும், இரவு ஷிப்ட் முடித்து இரண்டாவது ஷிப்டுக்கும் நிற்கிறவரும் அந்தப் பக்கமே வருவதில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றித் திட்டம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கணக்காளன் என்ற முறையில் இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க முதலாளிக்கு ஊழியரின் மருத்துவச் செலவு நேரடியாகத் தன் பையிலிருந்து போகிறது. பெரிய நிறுவனங்கள் பலவும் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கின்றன. ஊழியருக்கு நோய் குறைந்தால் அவர்களுடைய செலவு அன்றே குறைகிறது. நம் தொழிற்கூடங்களில் நிலைமை வேறு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது; அவர்களுடைய மருத்துவச் செலவை அதுதான் ஏற்கிறது. 2019 ஜூலையிலிருந்து நிர்வாகம் கட்டுவது சம்பளத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளி கட்டுவது 0.75 விழுக்காடு. உங்கள் தொழிலாளர்கள் அத்தனை பேரும் கல்லுப் போல இருந்தாலும் 3.25தான், பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகளாக இருந்தாலும் 3.25தான். அப்படியிருக்க, மருத்துவச் செலவில் மிச்சம் என்ற வரி உங்கள் பேரேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் வரும்? வராது. 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் அலுவலர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே முந்தைய ஆண்டின் கோரிக்கைகளைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கோரிக்கைகளில் பிரசவம், விபத்து, திடீர் அறுவைச் சிகிச்சை போன்றவையும் உண்டு. நடைப் போட்டியால் அவை குறையப் போவதில்லை.

ஆகவே நம் ஊரில் மிச்சம் என்று ஒன்று வருமானால் வேறு நான்கு வழிகளில்தான் வர வேண்டும்: விடுப்பு குறைவது, ஆள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பது, விபத்து குறைவது, பழுதான உருப்படி குறைவது. இவற்றில் விடுப்பை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பேச்சுக்கு 500 பேர் உள்ள தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி ஏறத்தாழ 615 ரூபாய். ஒருவர் சம்பளமில்லா விடுப்பில் போகும்போது, அந்த இடத்தை ஓ.டி. கொடுத்து நிரப்பினால் இரட்டைக் கூலி 1,230 ரூபாய். வராதவரின் 615 ரூபாய் கழிந்தது போக, உங்களுக்குக் கூடுதல் செலவு 615. திட்டத்துக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் மொத்தம் ஏழரை லட்சம். அந்த ஏழரை லட்சத்தை விடுப்பிலிருந்து மட்டும் மீட்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,220 விடுப்பு நாட்கள் குறைய வேண்டும். அதாவது ஆளுக்கு இரண்டரை நாள். 33,000 பேரை வைத்துச் சோதித்தும் தெரியாத மாற்றத்தை, காலை அரை மணி நேர யோகா நம் சிப்காட்டில் கொண்டுவரும் என்று எந்த நம்பிக்கையில் கையெழுத்திடுவது?

அப்படியானால் எதுவுமே பலன் தராதா? தரும். பெப்சிகோ நிறுவனத்தின் நலவாழ்வுத் திட்டத்தை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஏழு ஆண்டுத் தரவுகளோடு அலசி 2014இல் வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. எடை குறைப்பு, உடற்பயிற்சி, புகையை விடுவது போன்ற பழக்க மாற்றப் பகுதியில் ஒரு டாலருக்குத் திரும்பியது அரை டாலர். ஏற்கெனவே நோயுள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பகுதியில் திரும்பியது 3.80 டாலர். திட்டத்தில் பங்கேற்றவர்களில் நோயுள்ளவர்களாகச் சேர்ந்தவர்கள் 13 விழுக்காடுதான். மருத்துவச் செலவில் கிடைத்த மிச்சத்தில் 87 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது. இதுவும் அமெரிக்கக் கணக்குதான். அந்த மிச்சம் நம் பேரேட்டுக்கு அப்படியே வராது. ஆனால் பணத்தை எந்தத் திசையில் செலுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. நோய் வந்துவிட்டவரைக் கைவிடாமல் பின்தொடர வேண்டும்.

நாம் அதைத்தான் செய்வதில்லை. கேண்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு முகாம் நடக்கும். உயரம், எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு குத்து, கையில் ஒரு சீட்டு. பாலக்கோடு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு ஆபரேட்டர், நாற்பதைத் தாண்டியவர், சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்க என் அறைக்கு வந்தார். பேசி முடித்த பிறகும் போகாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். சர்க்கரை முந்நூறுக்கு மேல். அதன் கீழே 'மருத்துவரை அணுகவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் முத்திரை. 'எந்த டாக்டரை சார்? எப்போது போவது?' என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் ஷிப்டுக்கு விடியும் முன்னே பஸ் ஏறுகிறவர், மாலை வீடு திரும்பும்போது இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மூடியிருக்கும். விடுப்புப் போட்டுப் போகலாம் என்றால் அன்றைய கூலி போகும். கூலியோடு மாத வருகை ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் 70 விழுக்காடு உண்டு என்றாலும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒரு நாள் போய் மாத்திரை வாங்கி வருபவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. இரண்டு குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் அந்த ஊக்கத்தொகையை நம்பி இருக்கும்போது, உடம்பில் வலியே இல்லாத ஒரு நோய்க்காக அவர் அதை விட்டுக்கொடுப்பாரா? அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு முகாமிலும் அவர் விரலைக் குத்தினார்கள். எண் இன்னும் கூடியிருந்தது. அதற்கடுத்து காலில் வந்த புண் ஆறாமல் மாதக்கணக்கில் வேலைக்கு வர முடியாமல் போனது. முகாம் நடத்தியவர்களின் ஆண்டறிக்கையில் அவர் இரண்டு முறையும் 'பயனடைந்தோர்' பட்டியலில் இருந்தார். அந்தப் பட்டியலுக்கான காசோலைச் சீட்டைத் தயாரித்தது எங்கள் பிரிவு. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு, சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு. மற்றவர்கள் கண்டுபிடிக்கப்படாதவர்கள், கண்டுபிடித்தும் மாத்திரை எடுக்காதவர்கள், எடுத்தும் கட்டுக்குள் வராதவர்கள். கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் முகாம் இவர்களில் யாருக்கு என்ன செய்துவிடும்?

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் திட்டம். ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது உங்கள் தொழிலாளி இயந்திரத்தின் முன் நிற்கிறார், அல்லது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். பிற்பாடு இதே திட்டம் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நீங்கள் செய்ய வேண்டியது வட்டாரச் சுகாதார அலுவலரிடம் பேசி வாயிற்கதவைத் திறந்துவிடுவது. மாதம் ஒரு நாள் ஒவ்வொரு ஷிப்டிலும் அரை மணி நேரம் ஒதுக்குவது. உங்கள் செவிலியரிடம் ஒரு பதிவேட்டைக் கொடுத்து, யார் இந்த மாதம் மாத்திரை வாங்கவில்லை என்று தேடிப் பிடிக்கச் சொல்வது. மருத்துவ அறைக்கு நல்ல ரத்த அழுத்தமானியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வாங்கச் சில ஆயிரம் ரூபாய் போதும். இ.எஸ்.ஐ. சீட்டோடு வருபவருக்கு, அந்த ஒரு நாளால் வருகை ஊக்கத்தொகை போகாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அந்த ஒரு தாள், நான் பார்த்த எந்தச் செயலியைவிடவும் அதிகப் பேரை மருத்துவரிடம் அனுப்பும்.

இன்னொன்று. அந்தப் பதிவேடு செவிலியரின் அலமாரியிலேயே இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கைக்குப் போகக் கூடாது. சர்க்கரை இருப்பது தெரிந்தால் நிரந்தரம் ஆக்கமாட்டார்கள் என்ற பயத்தில், முகாம் நாளன்று கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி நிற்கும் இளைஞர்களை எல்லாத் தொழிற்கூடங்களிலும் காணலாம். அந்தப் பயம் போகாத வரை நோயாளி உங்கள் கணக்கிலேயே வரமாட்டார்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரே ஒரு சொல். பல இடங்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வெல்னஸ் கோப்பில் அவர்கள் தலை எண்ணப்படுவதே இல்லை. வெப்பமும் தூசியும் பாரம் தூக்குவதும் அவர்கள் பங்குக்கு அதிகம். அவர்களை விட்டுவிட்டு விடுப்பும் விபத்தும் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்து தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே இந்தத் துயரத்தால்தான். பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்களின் பல்லையும் முதுகையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இருந்தும் உங்கள் வளாகத்து ஆழ்துளைக் கிணற்று நீர் எங்கே போகிறது? கேண்டீனில் சமையலுக்கும், சில இடங்களில் குடிப்பதற்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அந்த நீர் ஆகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். மூட்டு வலி, முதுகுப் பிடிப்பு என்று மருத்துவ அறைக்கு வருபவர்களுக்கு வலி மாத்திரையும் யோகாவும் கொடுப்பதற்கு முன்னால், ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஒகேனக்கல் நீர் வந்த பிறகு இது பழைய கதை என்று சொல்பவர்கள், முதலில் தங்கள் கேண்டீன் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்க்கட்டும்.

பெண் தொழிலாளர்கள் அதிகமுள்ள மின்னணு, ஆடைத் தொழிற்கூடங்களில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. வரிசையிலிருந்து எழுந்து போக மாற்று ஆள் கிடையாது. கழிப்பறை தொலைவில் இருக்கிறது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு இரண்டு நாள் லீவு போடுகிறார்கள். 'நீர் அருந்துவோம்' என்று சுவரொட்டி ஒட்டும் செலவில் ஒரு மாற்று ஆளை வரிசைக்கு ஒருவர் வீதம் நிறுத்த முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் யோகா, செயலி, போட்டி எல்லாவற்றுக்குமான செலவைக் கூட்டினால் சில வரிசைகளுக்காவது முடியும். நின்றே வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார இருக்கை, குளிர்ந்த குடிநீர், கேண்டீன், முதலுதவி அறை எல்லாம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்டவை. 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்பது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சட்டப்படி செய்தாக வேண்டியதைச் சலுகையாகக் காட்டி, அதற்கு வெளியாருக்குக் கட்டணமும் கொடுக்காதீர்கள்.

தூக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். எட்டு மணி நேர வேலைக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம் போய்விடுகிறது. வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறினால் உடம்பு எந்த நேரத்துக்குப் பழகும்? பஸ் வழித்தடத்தைப் பிரித்து ஒரு வண்டி கூடுதலாக விட்டால் ஆளுக்கு அரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். இதைப் போக்குவரத்துச் செலவு என்று எழுதாமல், உடல்நலச் செலவு என்று எழுதுங்கள்.

யோகா வகுப்பு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தொழிலாளர்கள் விரும்பினால் நடத்துங்கள். கைப்பந்துப் போட்டி போல, பொங்கல் விழா போல, அவர்கள் மகிழ்ச்சிக்காக நடத்துங்கள். அதற்கு மிச்சக் கணக்கு தேவையில்லை. மிச்சம் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் உண்மையான கணக்கைக் காட்டுங்கள்: கண்டுபிடித்த நோயாளிகளில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன, நோயால் போன விடுப்பு எத்தனை, வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை. திட்டம் விற்க வருபவர் இந்த நான்கு எண்களையும் எழுதித் தர ஒப்புக்கொள்ளாவிட்டால் அவருக்கு விடை கொடுத்து அனுப்புங்கள்.

மார்ச் மாதத்துக்குள் உங்கள் செலவுத் திட்டம் முடிவாகிவிடும். அதற்கு முந்தைய கூட்டத்தில் உங்கள் மருத்துவ அறைச் செவிலியரையும், தொலைவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு தொழிலாளியையும், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பேரேட்டில் இதற்கெனத் தனித் தலைப்புகள் போட்டு, மாதாமாதம் நிரப்பும் படிவம் ஒன்றை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தொழிற்கூடம் கேட்டாலும், கட்டணம் எதுவும் வாங்காமல் நேரில் வந்து, உங்கள் கணக்குப் பிரிவுக்குச் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
ஓசூர்.